இடது காது

எங்கள் மொழியில் எண்ணுவதற்கும் வாசிப்பதற்கும்
ஒரே சொல்தான்: பாலா.
அதனால் முதல் இரவே பிட்சோ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்,
எனக்கு பாலா தெரியும், நூற்றுப் பதினான்கு வரைக்கும்.
மகோவாயேயின் மந்தையில் அத்தனை ஆடுகள்.

செவ்வாயும் வியாழனும்.
கம்பளிக் கொட்டகையில் தராசை மூடிவிட்டு,
கணக்கேட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு,
அதே மேசையில் விளக்கை ஏற்றுவேன்.
யாரும் என்னைக் கேட்கவில்லை. மண்ணெண்ணெய் என் காசு.
சாக்கட்டிகள், மொகோட்லோங் பள்ளிக்கூடத்தில்
யாரோ மிச்சம் வைத்தவை.
ஜூலைப் பனி கதவின் பாதிவரை ஏறிக் கிடக்கும்.
ஏழு பையன்கள் வருவார்கள்,
போர்வைக்குள் ஈர ஆட்டின் வாடையோடு.
வாசலில் ரப்பர் பூட்சுகளைக் குவித்துவிட்டு வருவார்கள்.
அந்தச் சூட்டின்மேல் நாய்கள் படுத்துக்கொள்ளும்.

மற்றவர்கள் தத்தித் தத்தியாவது முன்னே போனார்கள்.
பிட்சோவை இரண்டு எழுத்துகள் மறித்து நின்றன.
ஒரு வட்டம், அதை ஒட்டிக் கீழே தொங்கும் கோல்.
கோல் இடப்பக்கம் என்றால் உதடு சேர்த்து ஒரு ‘ப’.
வலப்பக்கம் என்றால்
நாக்கை அண்ணத்தில் அடித்து ஒரு சொடுக்கு.
அவன் குதிரையைச் சொடுக்கினான்.
மழையைச் சொடுக்கினான், சோளக் கஞ்சியை
இரண்டு முறை சொடுக்கினான்.
கடைசியில் தன் பெயரையும்.
அந்த வாரம் முழுக்க எல்லோரும் அவனை
நாக்கைச் சொடுக்கியே கூப்பிட்டார்கள்.
அடுத்த வியாழன் அவன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறிப் போனேன்,
மூச்சிரைக்க மூன்று மணி நேரம்.
இரண்டு மந்தைகள் ஓடையோரம் கலந்துபோயிருந்தன.
பிட்சோ ஒரு பாறைமேல் நின்று, கம்பை மட்டும் நீட்டி,
எங்களுது, லெபுசாவுது, எங்களுது, எங்களுது என்று
பிரித்துக்கொண்டிருந்தான்.
எப்படித் தெரிகிறது?
காது, என்றான். எங்களுக்கு இடது காதில் வெட்டு.
அவர்களுக்கு வலது.
இதுகூடத் தெரியாதா என்ற பார்வை.

அடுப்புக் கரியால் பாறையில் ஆட்டு முகம் வரைந்தேன்.
இடது காதிலிருந்து ஒரு கோல் இறக்கினேன்.
இது ப.
வலது காதிலிருந்து இன்னொன்று.
நெடுநேரம் பார்த்தான்.
இவ்வளவுதானா, என்றான்,
என்மேல் கொஞ்சம் கோபமாகவே.

அதற்குப் பிறகு வாசிக்கும்போதெல்லாம்
ஒரு கை காதுக்குப் போகும். போகட்டும்.

அக்டோபரில் கம்பளி வெட்டு.
மகோவாயேயின் கழுதைகளோடு வந்தான்.
பொதிகளுக்கு நடுவே தனியாக ஒரு சாக்கு:
சென்ற ஆண்டுக் கூலியாகக் கிடைத்த
அவனுடைய பன்னிரண்டு ஆடுகளின் கம்பளி.
நான் எடை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏடு திறந்திருந்தது.
அவன் விரல் அதில் இறங்கத் தொடங்கியதை
தாமதமாகத்தான் கவனித்தேன்.
பலேசா. நின்றது. பூலெங். நின்றது. பகிசோ.
பக்கத்தைப் புரட்டினான். போன ஆண்டு.
அதற்கு முந்தைய ஆண்டு.
அடிவரைக்கும் போய் விரல் மேசைமேல் வந்து நின்றது.

என்னுது எங்கே?

கையெழுத்து என்னுடையது.
நான் திருத்தமாக எழுதுகிறவள். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு,
படிக்கத் தெரிந்த எவரும் படிக்கலாம்.
மகோவாயே தன் பெயரைச் சொல்வார், எழுதுவேன்.
எல்லா முதலாளிகளும் அப்படித்தான் சொல்வார்கள்.
மேய்க்கிற பிள்ளைகள் பெயரை எழுதும் வழக்கமில்லை, என்றேன்,
இந்த மேசையில், அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த
இதே மேசையில்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அதைவிட வேறெதையும் நான் தாங்கியிருப்பேன்.

வெளியே மகோவாயே கழுதையை வைதுகொண்டிருந்தார்.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
பேனாவை அவன் பக்கம் தள்ளினேன்.
இடது கை கம்பளித் தொப்பிக்குள் நுழைந்து
காதைத் தேடிப் பிடித்தது.
எழுதினான். நேரம் ஆயிற்று. கோடு தாண்டிப் போயிற்று.
பெயருக்கு எதிரே நான் முப்பத்தொரு கிலோ என்று எழுதினேன்.

வாசலில் பூட்ஸ் சத்தம்.
குனிந்து மையை ஊதினேன்,
அவர் மேசைக்கு வருவதற்குள்
காய்ந்துவிட வேண்டும் என்று.